உடைந்தது வெல்டிங் அல்ல

யோகராசா போட்ட வெல்டிங் உடையவில்லை. அது உடைந்ததால்தான் விபத்து நடந்தது என்று நீ எழுதிக்கொடுத்தாய். அது பொய் என்று தெரிந்தே, ஃபோர்மேன் என்று போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு தாளினால் ஐம்பத்துநாலு வயதில் ஒரு மனிதர் வேலை போய், விசா ரத்தாகி, ஒற்றைப் பெட்டியோடு ஊருக்கு அனுப்பப்பட்டார். நடந்த அநியாயம் இவ்வளவுதான். இது எப்படி நடந்தது, இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். உன் அம்மா அதைத்தான் சொன்னாள். “வீட்டுக்குள்ள பேசித் தீர்க்க வேண்டியத ஊருக்கே படிச்சுக் காட்டணுமா?” என்று கேட்டாள். நாம் பொய்யை வீட்டுக்குள் வைத்துச் சொல்லவில்லையே. கராஜ் ஆபீஸில் ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னோம். அதனால் அஜ்மானில் உள்ள நம் குடும்பங்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை போடுகிற மலரில் இதைப் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மலர் வேலையைப் பார்த்துக்கொள்பவர் பெயர்களையெல்லாம் மாற்றிவிடலாமே என்றார். உன் பெயரையும் என் பெயரையும் எடுத்துவிடுங்கள், யோகராசாவின் பெயரில் மட்டும் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கெட்டது அவர் பெயர். அதனால் அந்தப் பெயர்தான் அச்சில் வர வேண்டும். அடுத்த மாதம் நீ கனடா போகிறாய். அதற்கடுத்த மாதம் என் விசா முடிகிறது. நான் ஊருக்குப் போய்விட்டால் இந்தக் கராஜில் என் பேச்சை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அதற்குள் இது சரியாக வேண்டும்.

உனக்கு அவரை யோகன் மாமாவாகத்தான் தெரியும். எனக்கு அவரைச் சவுதியில் ஜுபைலிலிருந்தே தெரியும். நீ பிறப்பதற்கு முன்பு, எட்டுப் பேர் படுக்கும் கேம்ப் ரூமில் என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவருடையது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வெல்டிங்கை யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. அறந்தாங்கியில் கேட் செய்கிற பட்டறையில் ஓரமாக நின்று பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்தது. ஹெல்ப்பராக ஜுபைல் போய், வெல்டர் டெஸ்டில் இரண்டு முறை தோற்றேன். யாழ்ப்பாணத்துக்காரரான யோகராசா என்னைவிட வயதில் சிறியவர். ஆனால் அதற்குள் பைப் வெல்டராகிவிட்டவர். என் வேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அண்ணை, உங்கட கை நல்லாத்தான் ஓடுது. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ராடை இழுக்கிறீங்கள், அதுதான் பிழை. ஆறுதலா மூச்சு விடுங்கோ” என்றார். ஒருவர் சொல்லி நான் கேட்டுக்கொண்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். மூன்றாம் முறை தேறினேன்.

ஜுபைல் பிளான்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண். ஒரு ஜாயின்ட் போட்டு முடித்ததும் அதன் பக்கத்தில் அந்த எண்ணை இரும்புப் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். பத்து வருடம் கழித்துக் கசிந்தாலும் யார் கை என்று தெரிந்துவிடும். கேம்ப் வாழ்க்கை போதும் என்று இருவரும் அஜ்மானுக்கு வந்து இண்டஸ்ட்ரியல் ஏரியா கராஜில் சேர்ந்த பிறகும் அவர் இந்தப் பழக்கத்தை விடவில்லை. தன் பெயரின் முதல் எழுத்தைத் தானே ஒரு பஞ்சில் வெட்டி வைத்துக்கொண்டார். தண்ணீர் டேங்கரோ ஆட்டுக்கொட்டிலோ, எது செய்தாலும் ஓரத்தில் அடித்துவிடுவார். நான் கேலி செய்வேன். “யோகா, இது என்ன ரிஃபைனரியா? ஆட்டுக்கொட்டில் கேட்டுக்கு எதுக்குய்யா முத்திரை? ஆடு வந்து கம்ப்ளைன்ட் குடுக்கப் போகுதா?” அவர் சிரிக்காமல் பதில் சொல்வார்: “ஆடு குடுக்காது அண்ணை, ஆட்டுக்காரன் குடுப்பான். ஆர் செய்தது எண்டு கேட்டால் நான் ஒளிஞ்சு நிக்கக் கூடாதெல்லே.” பத்து வெல்டர்கள் இருக்கிற கராஜ் அது. மற்ற ஒன்பது பேரைப் போல அவரும் தன் வேலையில் பெயர் இல்லாமல் விட்டிருந்தால், அன்றைக்கு அவரைக் கைகாட்ட நம்மிடம் அத்தாட்சி எதுவும் இருந்திருக்காது. தன் வேலைக்குத் தானே சாட்சி வைத்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் நாம் பிடித்துக்கொடுத்தோம்.

நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு கிரேன் செய்துகொண்டு போனாய். கைப்பிடியைச் சுற்றினால் கொக்கி இறங்கி ஒரு செங்கல்லைத் தூக்கும். அதற்கு இரும்பு வெட்டியது நான், ஒட்டியது யோகராசா. நீ செய்தது பெயின்ட் அடித்தது, அதுவும் பாதி. முதல் பரிசு உனக்குத்தான். உன் டீச்சர் என்னைப் பார்த்து, “இவ்வளவும் பையனேவா செஞ்சான்?” என்று கேட்டார். “அவனேதான் டீச்சர். நாங்க சும்மா பக்கத்துல நின்னோம்” என்றேன். இஸ்திரி போட்ட சட்டையோடு எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த யோகராசா, “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். திரும்பி வரும்போது உனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, “மருமோன் பெரிய இஞ்சினியராத்தான் வரப்போறார்” என்றார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் செய்த நல்லதை உன் பெயரில் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று உனக்குப் பன்னிரண்டு வயதில் காட்டிக்கொடுத்தவன் நான்தான். நீ செய்த கெட்டதை அவர் பெயரில் போட்டாலும் நஷ்டமில்லை என்று நீ அதிலிருந்தே கற்றுக்கொண்டாயோ என்னவோ.

பழைய ஸ்கூல் பஸ் ஒன்றை வாங்கி நீ கேம்பராக மாற்றினாய். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. உள்ளே இரண்டு படுக்கை, மேலே சோலார் தகடு, பின்கதவைத் திறந்தால் அடுப்பும் பாத்திரங்களும். அழகாகத்தான் செய்திருந்தாய். குளிர்காலத்தில் லீவு கிடைத்தால் நீயும் உன் நண்பர்களும் மலைப்பக்கமோ மணல்மேட்டுப் பக்கமோ போய்விடுவீர்கள். பிறகு மணலில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினாய். “அப்பா, பைக்க உள்ள ஏத்தினா படுக்க இடமில்ல. பின்னாடி கொக்கியில மாட்டி இழுத்துட்டுப் போற மாதிரி குட்டி ட்ரெய்லர் ஒண்ணு பண்ணித் தாங்களேன்” என்று வந்து நின்றாய். நான், நீ, யோகராசா மூன்று பேரும் நாலு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அதைச் செய்தோம். பஸ்ஸின் சேஸில் இரும்புக் குண்டு வைத்த கொக்கி. அந்தக் குண்டின்மேல் வந்து உட்காருகிற மூக்கு. மூக்கிலிருந்து பின்னால் போகிற டோ பார். இரண்டு சிறு சக்கரங்கள். பைக்கின் டயர்கள் நிற்பதற்கு நீளமான ஒரு சானல். நீ பெரியவனான பிறகு நாம் இருவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். அந்த நாலு வெள்ளிக்கிழமைகளைத்தான் இப்போது தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சானலை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது நான். சக்கரத்துக்கு முன்னால் எடை கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் மூக்கு கொக்கியை அழுத்திக்கொண்டு, ட்ரெய்லர் அடங்கி வரும். எடை பின்னால் போனால் மூக்கு மேலே எழும்பப் பார்க்கும், வேகம் ஏற ஏற வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். நான் வைத்த இடத்தில் இருந்தபடி வண்டி டெஸ்டிங்கில் பாஸானது. ஆனால் பஸ்ஸின் பின்கதவு பைக்கின் ஹேண்டில்பாரில் இடித்தது. முழுதாகத் திறக்க முடியவில்லை. சானலை இரண்டடி பின்னால் தள்ளச் சொன்னாய்.

“கதவு திறக்கணும்னா ட்ரெய்லரக் கழட்டிட்டுத் திற” என்றேன்.

“ஒவ்வொரு தடவ டீ போடறதுக்கும் ட்ரெய்லரக் கழட்டணுமாப்பா?”

“ஆமா. இல்லாட்டி டீ குடிக்காத.”

“நான் கால்குலேட் பண்ணிட்டேன்பா. ரெண்டடி ஒண்ணும் பண்ணாது.”

“பண்ணும்.”

“ஏன்னு சொல்லுங்க. உங்களுக்கே எக்ஸ்ப்ளெய்ன் பண்ணத் தெரியல. சும்மா கூடாது கூடாதுன்னா எப்படிப்பா?”

யோகராசா குறுக்கே வந்து, “தம்பி, அப்பா சொல்லுறது சரி. பாரம் பின்னுக்குப் போனால் அது வாலாட்டும். நான் டோ பாரை ரெண்டடி நீட்டி விடுறன், கதவும் திறபடும், பாரமும் முன்னுக்கே நிக்கும். வாற வெள்ளி வாங்கோ” என்றார். அந்த வெள்ளிக்கிழமை நீ நண்பர்களோடு கிளம்ப வேண்டியிருந்தது, காத்திருக்க உனக்குப் பொறுமை இல்லை. எனக்கோ, எக்ஸ்ப்ளெய்ன் பண்ணத் தெரியவில்லை என்று அவர் முன்னால் நீ சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது. “இனிமே நீயா வந்து கேக்காம உன் வண்டி விஷயத்துல நான் வாயத் திறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும்.

போகிற இடத்தில் யாரிடம் வேலை செய்தாலும் இதை ஞாபகம் வைத்துக்கொள். ஒருவனுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை என்பதனால் அவன் சொல்வது தப்பாகிவிடாது. நாற்பது வருடம் இரும்பைத் தொட்ட கைக்குத் தெரிவது வாய்க்கு வராமல் போகலாம். வாய்க்கு வருகிற வரை நீதான் நின்று கேட்க வேண்டும். எனக்கும் ஒரு புத்தி இருந்திருக்க வேண்டும், அதைக் கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன்.

நீ ட்ரெய்லர் சட்டத்தில் புதிதாக நாலு ஓட்டை போட்டு, சானலை இரண்டடி பின்னால் தள்ளி போல்ட்டை முறுக்கினாய். ஃபுஜைரா போய்விட்டுத் திரும்பும்போது மலையிறக்கத்தில் ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தது. நீ பிரேக்கை மிதித்தாய். டோ பார் முறுக்கிக் கிழிந்து, ட்ரெய்லர் பைக்கோடு பக்கத்து டிராக்கில் பாய்ந்து, தீவனம் ஏற்றி வந்த ஒரு பிக்கப்பில் மோதியது. அதை ஓட்டிவந்த பெஷாவர்க்காரர் குல் கானுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. உனக்கும் உன் நண்பர்களுக்கும் கீறல்கூட இல்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குல் கான் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “லட்கா டீக் ஹை?” என்பதுதான். பையன் நல்லா இருக்கானா என்று கேட்டார். எட்டு மாதம் கழித்து மறுபடி வண்டி ஓட்ட வந்துவிட்டார். ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

ரெக்கவரி வண்டியில் ட்ரெய்லரைக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். யோகராசா ஒட்டிய ஜாயின்ட் ஒட்டியபடியே இருந்தது, பக்கத்தில் அவர் முத்திரையும் இருந்தது. டோ பார் பைப் கிழிந்திருந்தது அதிலிருந்து ஒரு சாண் தள்ளி. பழைய ஓட்டைகள் நாலும் காலியாக இருக்க, சானல் புது ஓட்டைகளில் நின்றது. கண் உள்ள யாருக்கும் தெரியும். இன்ஷூரன்ஸ்காரர்கள் கராஜின் ரிப்போர்ட் கேட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்து, “உஸ்தாத், பையன் தப்புன்னா பையனுக்குக் கேஸ். கராஜ் தப்புன்னா என் லைசென்ஸ் போகும். ஒரு வொர்க்கர் தப்புன்னா கலாஸ், அவனை அனுப்பிட்டா முடிஞ்சுது” என்றார். நீ லேப்டாப்பைத் திறந்து இங்கிலீஷில் அடித்தாய். முடித்ததும் எனக்குத் தமிழில் சொன்னாய்: வெல்டரின் தரக்குறைவான வேலையினால் ஒட்டு விட்டுப்போனது. நீ படித்த படிப்புக்கு முதல் தடவையாக என் முன்னால் எழுதிய ரிப்போர்ட் அது. நீ பேனாவை நீட்டினாய், நான் வாங்கிக்கொண்டேன். அந்த நேரம் யோகராசா வெளியே வெயிலில் யாரோ ஒருவருடைய கேட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். கையெழுத்தான பிறகுதான் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் நேரே ட்ரெய்லரிடம் போய், ஜாயின்ட்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஒட்டு அப்பிடியே கிடக்குதே அண்ணை” என்றார். “பாத்துக்கலாம் யோகா” என்றேன். நான் பார்த்துக்கொள்வேன் என்று அவர் நம்பினார். பத்து நாளில் அனுப்பிவிட்டார்கள். ஏர்போர்ட்டுக்கு நான் போனேன், நீ வரவில்லை. “தம்பிக்கு டியூட்டி இருக்கும். போயிட்டு வாறன் எண்டு சொல்லிவிடுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒன்றரை வருடமாகக் கிளிநொச்சியில் ஒரு கடையோரத்தில் சைக்கிள் கேரியர் ஒட்டிக்கொண்டிருந்தவர், போன வாரம் எனக்கு போன் செய்தார். சவுதியில், யான்புவில் ஒரு கம்பெனியில் பைப் வெல்டர் வேலை வந்திருக்கிறது. அவர் வயதுக்கு இனி இன்னொன்று வராது. கடைசியாக வேலை செய்த இடத்திலிருந்து நல்ல கடிதம் வேண்டும் என்கிறார்கள், மாதக் கடைசி வரை பொறுப்பார்கள். ஆனால் நம் முதலாளி கொடுத்திருப்பதோ, பாரம் தாங்கும் வேலைக்கு இவர் ஆகாதவர் என்ற கடிதம். அதோடு நம் ரிப்போர்ட்டின் காப்பியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு யோகராசா குரலைத் தாழ்த்தினார். “அண்ணை, ஒண்டு சொல்லுறன், மனம் நோகாதேங்கோ. அந்தப் பேப்பரில உங்கட கையெழுத்து மாதிரி ஆரோ கள்ளக் கையெழுத்து வைச்சிருக்கிறாங்கள். அச்சொட்டா உங்கட மாதிரியே கிடக்கு. என்ர விஷயம் கிடக்கட்டும், உங்கட பேரையும் கெடுக்கப் பாக்கிறாங்கள். கவனமா இருங்கோ.”

“சரி யோகா” என்று சொல்லி போனை வைத்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. என் கையெழுத்தைத் தாளில் கண்ணால் பார்த்த பிறகும், அது என் கை எழுதியதாக இருக்காது என்று நினைக்கிற ஒரு மனிதரை நான் விற்றிருக்கிறேன்.

மறுநாள் உன்னைக் கூப்பிட்டேன். என்ன பேசினோம் என்பது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை.

“அப்பா, கேஸ் முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்ப ஏன் கிளறணும்?”

“யோகன் மாமா கடிதம் கேக்கறார்டா.”

“நான் அவருக்கு வேற நல்ல வேலையே பாத்துத் தரேன். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்றேன்.”

“அவர் உங்கிட்ட வேலை கேக்கல. கடிதம் கேக்கறார்.”

“கனடா ஃபைல்ல இது ஏறினா என் லைஃபே போயிடும்பா. அவருக்கு என்ன, ரெண்டு மூணு வருஷ வேலை. எனக்கு மொத்த லைஃபும் இருக்கு.”

“அவருக்கு இருக்கிற மொத்தமே அந்த மூணு வருஷம்தான்டா.”

அப்போதுதான் நீ கத்தினாய். “நான் மட்டுமா பண்ணினேன்? நீங்களும்தானே சைன் பண்ணீங்க? நான் பயந்து பண்ணினேன். நீங்க ஏன் பண்ணீங்க?”

நீயே போனை வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

பெற்ற பாசத்தில் போட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். உன் அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். கராஜில் உள்ளவர்கள்கூட, “உஸ்தாத் என்ன செய்வார், பிள்ளையாச்சே” என்று பேசிக்கொண்டார்கள். நானும் அதை மறுக்காமல் இருந்துவிட்டேன். நீ கிளம்பிய அந்த வெள்ளிக்கிழமை காலை, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சாதத்தை எடுத்துக்கொண்டு நான் கீழே வந்தேன். பில்டிங் முன்னால் பஸ் நின்றது. பைக்கை ஏற்றிக் கட்டியிருந்தாய், ட்ரெய்லரை இன்னும் கொக்கியில் மாட்டவில்லை, மூக்கு ஸ்டாண்டின்மேல் இருந்தது. நீ தண்ணீர் கேன் எடுக்க மேலே போயிருந்தாய். சானல் பின்னால் போயிருப்பதைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. குனிந்து மூக்கைத் தூக்கினேன். இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டியது, இரண்டு விரலுக்கு எழுந்து வந்தது. நீ திரும்பி வந்து, “என்னப்பா பாக்கறீங்க?” என்றாய். “ஒண்ணுமில்ல. அம்மா சாதம் குடுத்தா” என்றேன்.

நீ கேட்டாய். வண்டியைப் பற்றித்தான் கேட்டாய். என்ன பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்டாய். அதை நான் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் குனிந்து கேட்கட்டும் என்று இருந்தேன். பத்து மைல் போனதும் ஆட ஆரம்பிக்கும், பயந்து திரும்பி வருவான், அப்பா சொன்னது சரி என்று யோகராசா முன்னால் சொல்வான் என்று கணக்குப் போட்டேன். மதியம் வரை பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ ஊர் ரோட்டில் மெதுவாகவே போயிருக்கிறாய், அதனால் அது ஆடவில்லை. இறக்கம் வரும் வரை ஆடவில்லை. நான் அன்று வாயைத் திறந்திருந்தால் குல் கான் இன்று நேராக நடப்பார். உன் சாவே நடந்திருக்கலாம். அதற்கும் சேர்த்துத்தான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பேனாவை நீட்டினபோது எனக்கு ஓடிய எண்ணம் ஒன்றே ஒன்று. சானல் நகர்ந்தது வெளியே தெரிந்தால், ஃபோர்மேன், அதுவும் அப்பன், கண்ணில் படவில்லையா என்று கேட்பார்கள். பட்டது என்று சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் கையெழுத்துப் போட்டேன். நீ உன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினாய். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டேன். இதில் பாசம் எங்கேயும் இல்லை.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. இந்த வயதில் மாற மாட்டேன். இதைச் செய்யாமல் நீ விமானம் ஏறினால் உன்னை வழியனுப்ப நான் வர மாட்டேன். அதன் பிறகு நீ கூப்பிட்டால் போன் எடுக்கவும் மாட்டேன். உன் அம்மா அழுவாள், அழட்டும். நீ என் ஒரே பிள்ளை என்பதை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நீ செய்ய வேண்டியது. சானலை நகர்த்தியது நீ என்றும், கூடாது என்று நானும் யோகராசாவும் தடுத்தோம் என்றும், ஒட்டு விடவில்லை என்றும் ஒரே பக்கத்தில் எழுதி, மூன்று பிரதி எடுத்து, போலீஸிலும் இன்ஷூரன்ஸிலும் கராஜிலும் நேரில் கொடுக்க வேண்டும். போனில் அனுப்பக் கூடாது. ‘தெரியாமல்’ என்ற சொல்லை அதில் எங்கேயும் போடாதே. இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் முடிய வேண்டும், கடிதம் கிளிநொச்சி போய்ச் சேர நாள் வேண்டும். கனடாக்காரர்கள் கேட்டால் இதே பக்கத்தைக் காட்டு.

முதலாளி செய்ய வேண்டியது. பழைய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பதினெட்டு வருடம் வேலை செய்தவருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தைக் கொடுப்பது. ஓட்டின ஆள் எழுதித் தந்தால் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மறுத்தால், நான் வெட்டி எடுத்து வைத்திருக்கிற அந்த ஜாயின்ட்டை டெஸ்டிங் லேபில் கொடுத்துச் சோதித்து, அந்தத் தாளை யான்புவுக்கு நானே அனுப்புவேன். இது அவருக்கும் தெரியும்.

உன் அம்மா செய்ய வேண்டியது. இருபதாம் தேதி வரை உனக்கு போன் செய்து அப்பாவைச் சமாதானப்படுத்து என்று சொல்லாமல் இருப்பது.

நீயும் நானும் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குல் கானிடம் போய், யாருடைய தவறினால் அவர் கால் இப்படியானது என்று அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும். உனக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும். ஆனால் நான்தான் முதலில் பேசுவேன்.

நான் செய்ய வேண்டியது. மூக்கைத் தூக்கிப் பார்த்ததையும் பேசாமல் இருந்ததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அரபியில் மொழிபெயர்த்து வைத்துவிட்டேன். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதை நான் கொடுப்பேன். அதனால் என் பயணம் தடைபட்டால் தடைபடட்டும். மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் யோகராசாவைக் கூப்பிட்டு, அது கள்ளக் கையெழுத்து இல்லை, என்னுடையதுதான் என்று என் வாயால் சொல்ல வேண்டும். இந்த நாலு நாளில் மூன்று முறை போனை எடுத்து வைத்துவிட்டேன். நாளைக் காலை சொல்லிவிடுவேன்.

யோகராசா செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், நீயும் கேட்காதே, நானும் கேட்க மாட்டேன். கேட்டால் அவர் உடனே கொடுத்துவிடுவார்.